சாக்கடையும் சவுக்குக் குழியும்

கடலூர் சாலையில் தவளக்குப்பம் சந்திப்பில் கிழக்கே திரும்பினால் நல்லவாடு, அப்புறம் கடல். புதுச்சேரிக்குத் தெற்கே நீளும் இந்த மாதிரிக் கரையோரத்தில் மலேரியா எங்கிருந்து வரும்? சவுக்குக் கன்றுக்குத் தண்ணீர் மொள்ளத் தோண்டிய குழியிலிருந்தும் வரும், உப்பங்கழியில் படரும் பாசியிலிருந்தும் வரும். இதை ஊர் ஊராக அலைந்து கண்டுபிடித்தது, கோரிமேட்டுப் பக்கம் 1975-இல் ஐ.சி.எம்.ஆர். தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம். அதன் முதல் இயக்குநர் பி.கே. ராஜகோபாலன்.

புனே வைரஸ் ஆய்வு மையத்திலிருந்து ஷிமோகா காட்டுக்குப் போய், குரங்குக் காய்ச்சலைப் பரப்பும் உண்ணிகளோடு பல வருடம் கழித்தவர் அவர். பிறகு டெல்லியில், கொசு இனத்தையே மலடாக்கப் பார்த்த உலக சுகாதார நிறுவனத் திட்டம். அது அமெரிக்காவின் உயிரியல் போர் ஒத்திகை என்று பத்திரிகைகளில் குற்றச்சாட்டு கிளம்பி, நாடாளுமன்றம் வரை போய், 1975-இல் இழுத்து மூடப்பட்டது. பலருக்கு உத்தியோகம் அதோடு முடங்கியிருக்கும். இவருக்கோ புதுச்சேரியின் சாக்கடை காத்திருந்தது.

யானைக்கால் நோய்ப் புழுவைச் சுமக்கும் கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர்தான் தாய்வீடு. அன்றைய புதுச்சேரி நகரத்தில் ஒருவரை மாதத்துக்குச் சுமார் 2,200 கொசுக்கள் கடித்தன என்பது மையத்தின் கணக்கு. 1981 முதல் 1985 வரை ஒரு பெரும் சோதனை நடந்தது. வாய்க்காலைத் தூர்வாரினார்கள், மலக்குழிகளை மூடினார்கள், புழங்காத கிணற்றில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டி நீர்ப்பரப்பையே மறைத்தார்கள். மருந்தடிப்பதைவிட மண்வெட்டிக்கே வேலை அதிகம். ஆனால் மண்வெட்டி பொதுப்பணித் துறையிடம், குப்பை நகராட்சியிடம், நோயாளி சுகாதாரத் துறையிடம். இந்த மூன்று மேசைகளையும் ஒரே திசையில் நகர்த்தியதுதான், என் பார்வையில், அவருடைய பெரிய ஆராய்ச்சி.

கரையோரக் கிராமங்களில் அந்த வித்தையும் போதவில்லை. கொசுவை ஒழிக்க வாருங்கள் என்று கூப்பிட்டால், வலையைப் போட்டுவிட்டு யார் வருவார்? பாசியை அள்ளிக் காகிதம் செய்யலாம், காசு வரும் என்று காட்டினார்கள். ஆட்கள் கழியில் இறங்கினார்கள். குட்டையில் மீன் வளர்க்கச் சொன்னதும் அதே கணக்குத்தான். மீன் குடும்பத்துக்கு வருமானம், கொசுப்புழு மீனுக்கு இரை. ‘ஒத்துழைப்பு தாரீர்’ என்று சுவரில் எழுதிவிட்டுப் போகும் இலாகாக்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கலாம்.

நகரத்தில் கொசுவும் நோய்ப்பரவலும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் 1985-இல் திட்டக் காலம் முடிந்து கெடுபிடி தளர்ந்ததும், கொசு பழைய அளவை நோக்கித் திரும்பிவிட்டது. யானைக்கால் நோய்ப் புழு மட்டும் அத்தனை வேகமாகத் திரும்பவில்லை. ஐந்து வருட உழைப்பில் மிஞ்சியது அந்த அவகாசம்.

அடுத்த ஆண்டே மையத்தின் ஆட்கள் கேரளத்துச் சேர்த்தலைக்குப் புறப்பட்டார்கள். அங்கே யானைக்காலைப் பரப்புவது வேறு கொசு. அந்தக் கொசுவின் இளம்புழு ஆகாயத்தாமரை வேரில் ஒட்டிக்கொண்டே மூச்சு வாங்கும். அந்தக் கதை அடுத்த வாரம்.