வங்கத் திரையின் காதல் இணையும் ‘அபிமானம்’ என்னும் சொல்லும்

உத்தியோகத்தை நாடிக் கல்கத்தாவிற்கு வந்த தமிழர்கள், ரஷ்பிஹாரி அவென்யூ, லேக் மார்க்கெட் ஆகிய பகுதிகளில் தமக்கென ஒரு சிறு தமிழகத்தையே அமைத்துக்கொண்டனர் என்பது நாம் அனைவரும் அறிந்ததே. காப்பிப் பொடியும் வாழையிலையும் அங்கே கிடைத்துவிடும். ஆயினும் அண்டை வீட்டு வங்காளியின் உள்ளத்தை அறிந்துகொள்ள அங்காடி துணை செய்யாது. அதற்குரிய வாயில்களுள் ஒன்று, உத்தம் குமார், சுசித்ரா சென் என்னும் இரு நட்சத்திரங்கள் இணைந்து நடித்த சுமார் 30 படங்களாகும்.

உத்தம் குமாரின் இயற்பெயர் அருண் குமார் சட்டர்ஜி. 1926-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தவர். நம்மில் பலரைப் போலவே அவரும் குமாஸ்தா வேலை பார்த்தவரே. துறைமுகக் கழகத்தில் பணியாற்றிக்கொண்டே நடிக்க முயன்றார். 1948-இல் திரைக்கு வந்த பின் அடுத்தடுத்துப் பல படங்கள் தோல்வியுற்றன. 1952-இல் வெளிவந்த ‘வசு பரிவார்’ படமே அவரைக் காப்பாற்றியது. சுசித்ரா சென், ரோமா தாஸ்குப்தா என்னும் பெயரில் 1931-இல் பிறந்து, இன்று வங்காள தேசத்தில் உள்ள பாப்னா நகரில் வளர்ந்தவர். மணமான பின்னரே அவர் திரையுலகில் புகுந்தார்.

இவ்விருவரும் முதன்முதலாக இணைந்த படம், 1953-இல் வெளிவந்த ‘ஷாடே சுவாத்தர்’. ‘எழுபத்து நான்கரை’ என்பது பொருள். பிறர் பிரிக்கலாகாத அந்தரங்கக் கடிதத்தின்மேல் அக்காலத்தார் இட்டு வந்த குறி அது. ஆடவர் மட்டுமே தங்கும் ஒரு மெஸ்ஸில் இளம்பெண் ஒருத்தி தன் பெற்றோருடன் வந்து குடிபுகுகிறாள்; அதன் விளைவான கலகலப்பே கதை. மெஸ் வாழ்க்கையை நேரில் கண்ட தமிழருக்கு இப்படத்தை விளக்கவும் வேண்டுமோ?

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘அக்னி பரீட்சை’ இவ்விருவரையும் காதல் இணையாக நிலைநிறுத்தியது. ஆஷாபூர்ணா தேவியின் கதை அது. சிறுமிப் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்ட பெண் ஒருத்தி, வளர்ந்தபின் வேறோர் இளைஞனிடம் மனத்தைப் பறிகொடுக்கிறாள். பழைய தாலியா, புதிய காதலா என்று அவள் தவிக்கும் வேளையில், காதலனே அன்று மணந்த கணவன் என்பது தெரிய வருகிறது. நாட்டுப் பிரிவினையால் குடும்பங்கள் சிதறி, கூட்டுக் குடும்பம் தளர்ந்து, படித்த பெண்கள் வேலைக்குப் புறப்பட்ட காலம் அது. மரபையும் கைவிட மனமில்லை. சுய விருப்பத்தையும் விட மனமில்லை. இரண்டையும் ஒருசேர அடையலாம் என்று அக்கதை ஆறுதல் கூறிற்று. இதே கதை 1959-இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடிக்க, ‘மஞ்சள் மகிமை’ என்று தமிழில் வந்தபோது நம்மவரும் விரும்பிப் பார்த்தனர்.

இவர்களுடைய கவர்ச்சி ஆடம்பரத்தால் வந்ததன்று. உத்தம் குமாரின் வெள்ளை வேட்டியும் ஜிப்பாவும், வாரிவிட்ட கேசமும் எந்தக் குமாஸ்தாவிற்கும் எட்டக்கூடியவை. ஆதலால் இளைஞர் கூட்டம் அவற்றை அப்படியே பின்பற்றியது. சுசித்ரா சென்னின் புடவைக் கட்டையும் கொண்டையையும் பெண்கள் பின்பற்றினர். மேலும், நட்சத்திரம் என்பது பலருடைய உழைப்பின் ஒன்றுசேர்ந்த பெயர். கதாநாயகனின் பாட்டுக் குரல் ஹேமந்த முகர்ஜியுடையது. கதாநாயகியின் பாட்டுக் குரல் சந்தியா முகர்ஜியுடையது. 1961-இல் வந்த ‘சப்தபதி’யில் இருவரும் ஒதெல்லோ நாடகத்தில் நடிக்கும் காட்சியிலோ, ஆங்கில வசனம் பேசியவர்கள் உத்பல் தத்தும் ஜெனிபர் கெண்டலும் ஆவர். ஆயினும் மக்கள் கண்டது இரு முகங்களையே.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் இங்கே ஒரு சொல்லைக் கவனித்தல் வேண்டும். வங்காளத்தில் ‘அபிமான்’ என்று ஒரு சொல் உண்டு. நம் ‘அபிமானம்’தானே என்று எண்ணி, ‘பற்று’ என்று மொழிபெயர்த்தால் பெரும் பிழையாகும். அன்புக்குரியவர் நம் மனத்தை அறியவில்லையே என்னும் ஏக்கத்தால் எழும் மௌனக் கோபமே அபிமான். அன்னியரிடம் அது தோன்றாது. ஆங்கிலத்தில் அதற்குச் சொல் தேடி அலைய வேண்டும். தமிழிலோ ‘ஊடல்’ ஆயத்தமாக இருக்கிறது. திருக்குறளே ‘ஊடலுவகை’ என்னும் அதிகாரத்தோடுதானே நிறைவுறுகிறது? சுசித்ரா சென் முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு, கண்களை மட்டும் தாழ்த்தும்போது வங்காளிகள் கண்டது அந்த அபிமானையே. மொழி அறியாத தமிழருக்கும் அது விளங்கியதில் வியப்பில்லை. 1963-இல் ‘சாத் பாகே பாந்தா’ படத்திற்காக மாஸ்கோ திரைப்பட விழாவிலும் அவர் சிறந்த நடிகை என்னும் பரிசைப் பெற்றார்.

திரையில் காதலர், வாழ்வில் எவ்வாறோ என்று ஊரார் ஓயாமல் பேசினர். இவ்வகை ஆவலுக்குத் தக்க விடை சத்யஜித் ராயின் ‘நாயக்’ படத்தில் உண்டு. 1966-இல் வந்த அப்படத்தில், டில்லிக்கு ரயிலில் செல்லும் புகழ்பெற்ற நடிகராக உத்தம் குமாரே நடித்தார். ஒரு பெண் பத்திரிகையாளர் அவருடைய அச்சங்களையும் தவறுகளையும் கேட்டுக் குறிப்பெடுக்கிறார்; இறுதியில் அக்குறிப்புகளைத் தாமே கிழித்துவிடுகிறார். ஒளிக்குப் பின்னால் நிற்பவனும் மனிதனே என்று அறிந்தபின், அதை விலை பேச அவருக்கு மனம் வரவில்லை.

அந்த ஒளியிலிருந்து இருவரும் வெவ்வேறு வழியில் விடைபெற்றனர். உத்தம் குமார் கடைசி வரையில் ஓய்வின்றி நடித்து, 1980 ஜூலை 24-ஆம் நாள் காலமானார். சுசித்ரா சென் 1978-க்குப் பின் பொதுவாழ்விலிருந்து முற்றிலும் விலகி, 2014-இல் மறையும் வரையில் ஏறத்தாழ 35 ஆண்டுகள் தம் முகத்தை உலகிற்குக் காட்டாமலே வாழ்ந்தார். பிறர் பிரிக்கலாகாத கடிதத்தின் குறியோடு தொடங்கிய இணையில் ஒருவர், தம் வாழ்வின்மீதே அக்குறியை இட்டுக்கொண்டார் எனலாம்.

இன்று காளிகாட் மெட்ரோ நிலையத்திலிருந்து தெற்கே சென்றால், இரண்டாவது நிலையத்தின் பெயர் ‘மகாநாயக் உத்தம் குமார்’. அடுத்த முறை அப்பெயரைக் காணும்போது, அண்டை வீட்டு வங்காள மூதாட்டியிடம் இவ்விருவருள் ஒருவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் முகம் மலர்வதைக் காண்பீர்கள். அயலூரில் நமக்கு உறவு வளர அதைக் காட்டிலும் நல்ல தொடக்கம் வேறு வேண்டுமோ?