தீபாவளிச் செலவும் இலையுதிர் காலமும்

தீபாவளி ஐப்பசியில் வருகிறது. பால்மரத் தோட்டங்களுக்கு அது மழைக்காலம். விடியலில் மழை பிடித்துக்கொண்டால் பிரட்டுக்கு வந்தவர்கள் கத்தியுடன் வீடு திரும்ப வேண்டியதுதான். மழை ஓய்ந்து சில வாரங்கள் சென்றதும், ஏறத்தாழ பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மரங்கள் இலை உதிர்க்கும். சேர்த்து வைத்த சத்தை மரம் புதுத் தளிருக்குச் செலவிடுவதால் பால் குறையும். சில தோட்டங்களில் வெட்டே நிறுத்தப்படும். ஆகவே, ஆண்டின் பெருஞ்செலவு நம் வருமானம் குன்றும் இரு பருவங்களுக்கு நடுவில் வந்து நிற்கிறது. பட்டணத்துக் கடைக்காரருக்கு இக்கணக்குத் தேவையில்லை. நமக்குத் தேவை.

பெருநாள் முன்பணம் பெறும் வழக்கம் பல தோட்டங்களில் உண்டு. அது இனாமன்று, பின்னர் வரும் சம்பளத்தில் பிடிக்கப்படும் பணமாகும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, சம்பள முன்பணத்திற்கு முதலாளி வட்டி வாங்குதல் கூடாது. ஒரு மாதத்தில் செய்யப்படும் பிடித்தங்களின் மொத்தம், பொதுவாக அம்மாதச் சம்பளத்தில் பாதியைத் தாண்டவும் கூடாது. இது தொழிலாளிக்குப் பாதுகாப்பே. ஆயினும் பால் குறைந்த மாதத்தில் பாதிச் சம்பளம் என்பது மிகச் சிறிய தொகை. முன்பணம் வாங்குமுன் எத்தனை மாதங்களில், மாதம் எவ்வளவு பிடிப்பார்கள் என்று அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மாதம் 30 வெள்ளி வீதம் 10 மாதம் ஒதுக்கி வைத்தால் 300 வெள்ளி சேரும். அதற்கு எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டுவதில்லை.

துணிமணிகளைப் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பே வாங்கிவிடுவது நலம். கடைசி வாரத்தில் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பிரிக்பீல்ட்சிலோ கூட்டத்தில் நெரிபடும்போது அளவு பார்க்கவும் விலை கேட்கவும் பொறுமை இருக்காது. குழந்தை அழும்; கையில் கிடைத்ததை வாங்கி வருவோம். வீட்டிலேயே பட்டியல் எழுதி, ஒவ்வொருவருக்கும் இவ்வளவுதான் என்று தொகையையும் குறித்துக்கொண்டு புறப்படுங்கள்.

மளிகைப் பொருளில் பொட்டலத்தின் விலையை மட்டும் பார்த்தல் போதாது. எடையையும் பார்க்க வேண்டும். 400 கிராம் பொட்டலம் 4 வெள்ளி 20 காசு என்றால் கிலோ 10 வெள்ளி 50 காசாகிறது. பக்கத்திலுள்ள ஒரு கிலோ பொட்டலம் 9 வெள்ளி என்றால் அதுவே மலிவு. பெருநாள் காலத்தில் அரசாங்கம் சில உணவுப் பொருள்களுக்கு உச்சவரம்பு விலை அறிவிப்பதுண்டு. அப்பொருள்களுக்கு இளஞ்சிவப்பு விலைச்சீட்டு வைக்க வேண்டும். அறிவித்த விலைக்கு மேல் கேட்டால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் கிளையில் புகார் செய்யலாம்.

“விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற பலகையைக் கண்டு நம்மவர்கள் பலர் வாயடைத்துப் போகின்றனர். நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்ப முடியாமற்போகலாம். பொருளே பழுதென்றால் அப்பலகை செல்லாது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நம் பக்கம் நிற்கிறது. கடைக்காரர் இணங்காவிடில் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணம் செலுத்தி வழக்குப் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும். ரசீது மட்டும் கைவசம் இருக்கட்டும்.

தவணைக்கு வாங்குவோர் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்க வேண்டும். ரொக்கமாக 1,200 வெள்ளி பெறும் குளிர்சாதனப் பெட்டியை மாதம் 110 வெள்ளி வீதம் 15 மாதம் கட்டி வாங்கினால் 1,650 வெள்ளியாகிறது. அதிகப்படியான 450 வெள்ளி ஒரு குடும்பத்தின் பெருநாள் துணிச் செலவாகும்.

மலிவென்று நம்பி வாங்கக் கூடாத பொருள் ஒன்றுண்டு. அது பெருநாள் சந்தைகளிலும் கைத்தொலைபேசி வழியாகவும் விற்கப்படும், ஒரு வாரத்தில் முகத்தை வெளுப்பாக்கும் என்னும் களிம்பு. இத்தகைய களிம்புகள் சிலவற்றில் பாதரசம் கண்டறியப்பட்டு, சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பாதரசம் தோல் வழியே உள்ளே சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதே துணியையும் தலையணையையும் பகிரும் குழந்தையையும் அது விடாது. முறையாகப் பதிந்த அழகுப் பொருளுக்கு ‘என்.ஓ.டி.’ என்று தொடங்கும் எண் உண்டு. எண்ணில்லாததை வாங்க வேண்டாம்.

தோட்டத்தில் உழைப்பவரின் தோலுக்கு வேண்டியது வெளுப்பன்று. மழையில் கால் ஊறுகிறது. இலையுதிர் காலத்து வறட்சியில் அதே கால் வெடிக்கிறது. இதற்குத் தேங்காய் எண்ணெயே போதும், ஆனால் பூசும் நேரம் முக்கியம். எண்ணெய் தோலுக்கு ஈரம் தருவதில்லை. இருக்கும் ஈரம் வெளியேறாமல் தடுக்கிறது. ஆகையால் குளித்துத் துவட்டிய சில நிமிடங்களுக்குள், தோல் சற்று ஈரமாயிருக்கும்போதே பூச வேண்டும். தீபாவளியன்று மட்டும் எண்ணெய் தேய்த்துவிட்டு மறு ஆண்டு வரை மறந்திருப்பதில் பயனில்லை.

நம் நாட்டு வெப்பத்தில் தேங்காய் எண்ணெய் உறையாது. குதிகாலில் பூசினால் ஓடிவிடும். நான்கு கரண்டி எண்ணெயுடன் ஒரு கரண்டி தேன்மெழுகைச் சிறு கிண்ணத்திலிட்டு, கொதிநீர்ச் சட்டியில் கிண்ணத்தை வைத்து உருக்கி ஆறவிடுங்கள். களிம்பாக இறுகிவிடும். உலர்ந்த மூடியுள்ள குப்பியில் வைத்து, இரவில் காலுக்குப் பூசி உறங்கலாம். விரலிடுக்கில் சேற்றுப்புண் இருப்பின் அவ்விடத்தில் பூசாதீர். அங்கே உலர்ந்திருப்பதே மருந்து.

கையில் ஒட்டிய பாலை மண்ணெண்ணெய் கொண்டு துடைக்கும் பழக்கம் தோலின் இயற்கை எண்ணெயையும் அடித்துச் சென்றுவிடும். உலர்ந்த பாலைத் தேய்த்து உருட்டி எடுத்து, மீதியைச் சமையல் எண்ணெய் தடவிக் கழுவினால் போதும். எலுமிச்சைச் சாறும் வேண்டாம். அதைப் பூசிக்கொண்டு வெயிலில் நின்றால் தோல் கொப்புளித்துக் கறுக்கும். பாலை உறைய வைக்கும் ஆசிட் கையில் தெறித்தால் எண்ணெயைத் தேடாமல், ஓடும் நீரில் நெடுநேரம் கழுவிவிட்டு மருந்தகம் செல்லுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கால் வெடிப்பை வீட்டு மருந்தோடு விட்டுவிடாமல் அரசாங்கச் சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். குடிமக்களுக்கு அங்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளியே.