உறைந்த ஏரியில் மோட்டார்ப் பந்தயம்: வண்டியைத் தெரிதலும் அமைத்தலும்

எஞ்சின் பெரிதாயின் வண்டியும் விரைந்தோடும் என்பது பலரும் கொண்டுள்ள கருத்தாகும். உலர்ந்த வீதியில் இஃது ஓரளவு பொருந்தும். ஆயின், சுவீடன், பின்லாந்து, ஒஸ்திரியா, வட அமெரிக்கா முதலிய குளிர்நிலங்களில் உறைந்த ஏரிகளின்மீது நடைபெறும் பந்தயங்கள் இக்கருத்தின் குறைபாட்டைத் தெளிவுற எடுத்துக்காட்டுகின்றன. ஒஸ்திரியாவின் செல் அம் சே என்னும் ஊரில், பேர்டினாண்ட் போர்சே என்னும் பொறியியலறிஞரின் நினைவாக 1952இல் இத்தகைய பந்தயமொன்று நிகழ்ந்தது. பிரான்சில் அந்த்ரோஸ் கிண்ணப் பந்தயங்கள் 1990 முதல் 2024 வரை நடைபெற்றன.

பனிக்கட்டி வழுக்குவதேன்? அதன் மேற்பரப்பில் நீரையொத்த மெல்லிய படையொன்று உண்டென்பதை மைக்கல் பரடே 1850இல் எடுத்துரைத்தார். உருகுநிலையை அணுகுந்தோறும் இப்படை பெருகும், கடுங்குளிரில் குறையும். ஆதலின், காலையில் நன்கு பற்றிய சில்லு, நண்பகல் வெயிலில் வழுக்குதல் வியப்பன்று.

உலர்ந்த தார்வீதியில் ரயரின் உராய்வுக் குணகம் ஏறக்குறைய 0.8 ஆகும், வழுவழுப்பான பனிக்கட்டியிலோ 0.1 அளவினதே. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டியை வீதியில் ஏறத்தாழ 18 மீற்றருள் நிறுத்தலாம். பனிக்கட்டியில் நிறுத்த 140 மீற்றருக்கு மேல் வேண்டும். இன்னுமொரு கணக்கை நோக்குவோம். 1,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டியொன்றின் பாரத்தில் நூற்றுக்கு 60 பங்கு இயக்குசில்லுகளின்மேல் தங்குவதாகக் கொள்வோம். அச்சில்லுகள் தரக்கூடிய உந்துவிசை ஏறக்குறைய 590 நியூற்றன் மட்டுமே. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் இதற்கு வேண்டிய வலு எட்டுப் பரிவலுவளவே. எஞ்சின் அதற்குமேல் எவ்வளவு தரினும் சில்லு நின்ற நிலையிற் சுழலுமேயன்றி வண்டி விரையாது.

எனவே, வண்டியைத் தெரிவோர் முதலில் வினவவேண்டியது, "எத்துணைப் பரிவலு?" என்பதன்று; "இயக்குசில்லுகளின்மேல் எத்துணைப் பங்கு பாரம்?" என்பதேயாம். பாரம் மிகுந்தால் பிடிப்பு மிகும். ஆயின் அசைக்கவேண்டிய திணிவும் அவ்வளவே மிகும். ஆகவே மொத்த நிறையால் ஆதாயமில்லை, பங்கீடே முதன்மையானது. எஞ்சினை முன்னச்சிற்கு முன்னே கொண்டு, முன்சில்லுகளையே இயக்கும் சாப் 96 போன்ற சிறுவண்டிகள் இவ்வகையிற் சிறந்தன. எரிக் கார்ல்சன் என்பார் சாப் வண்டியிலே 1962, 1963 ஆகிய இரண்டாண்டுகளும் மொந்தே கார்லோ ரலியில் வென்றமை நினைவிற் கொள்ளத்தக்கது. நான்கு சில்லுகளும் இயங்குமாயின் பாரம் முழுவதும் பயன்படும். 1977ஆம் ஆண்டின் குளிர்காலத்திலே பின்லாந்தில் நடந்த சோதனைகளில், வலுக்குறைந்த இல்ற்றிஸ் என்னும் நாற்சில்லியக்க வண்டியின் ஆற்றலைக் கண்டே, அவுடி நிறுவனத்தார் குவாற்றோ வண்டியை ஆக்கி 1980இல் வெளியிட்டனர்.

அடுத்து, அமைப்பு. ஒடுங்கிய ரயரே உகந்தது. அது சிறுபரப்பில் அழுத்தி, மேற்கிடக்கும் பொடிப்பனியை வெட்டிச் செல்லும். உலோக ஆணி பதித்த ரயர் பனிக்கட்டியைக் குத்திப் பற்றுவதால் பிடிப்புப் பன்மடங்காகும். ஆதலாற்றான், ஆணியுள்ள வண்டிகளுக்கும் ஆணியற்றவற்றுக்கும் அமெரிக்காவில் வெவ்வேறு வகுப்புகள் வைத்துள்ளனர். வில்கள் மென்மையாயிருத்தல் வேண்டும். ஏரியின் நெளிவுகளில் நான்கு சில்லுகளும் நிலத்தைவிட்டு நீங்காதிருத்தற்கு அது துணைசெய்யும். சாதாரண டிபரென்சியலில் ஒரு சில்லு வழுக்கின், மற்றதும் வலுவிழக்கும். அவ்வழுக்கலை மட்டுப்படுத்தும் வகையைப் பொருத்துதல் நன்று. பிறேக் பிடிக்குங்கால் வீதியிற் பாரம் பெரிதும் முன்னோக்கிச் சாயும்; பனிக்கட்டியில் அவ்வாறு சாய்வது சிறிதாதலால், பின்பிறேக்கின் பங்கைச் சற்றுக் கூட்டுவர். எஞ்சினோ, திடீரெனப் பாயாது, தாழ்ந்த சுழற்சியிலேயே ஒரே சீராக வலுத்தருவதாய் இருத்தல் வேண்டும்.

இவையாவும் அமைந்தபின்னும் ஒன்று எஞ்சுகிறது. ஓடுதளத்தின் கீழே இருப்பது நிலமன்று, நீர். தெளிந்து இறுகிய பனிக்கட்டியாயினும் மனிதர் நடத்தற்கு 4 அங்குலத் தடிப்பும், மோட்டார் வண்டி செல்லுதற்கு ஏறக்குறைய ஓரடித் தடிப்பும் வேண்டுமென்பர். நீரோட்டமுள்ள இடத்திலே தடிப்புக் குறையும். வெண்ணிறப் பனிக்கட்டி வலிமையிலும் குறைந்தது. ஆகவே ஓடுதளத்தின் பலவிடங்களிலே துளையிட்டு அளந்த பின்னரே வண்டியை இறக்குதல் முறை. முன்செல்லும் வண்டி கிளப்பும் பொடிப்பனி பார்வையை மறைப்பதால், பின்புறத்தே உயரத்திற் செவ்விளக்குப் பொருத்துதலும், முன்கண்ணாடியைச் சூடாக வைத்தலும் உயிர்காக்கும் ஏற்பாடுகளாம்.

பிடிப்பில்லாத இடத்தில் வலிமை வீணாகின்றது. உள்ள பிடிப்பை அளந்தறிந்து, அதற்கேற்ப வலுவைச் செலுத்துபவனே உறைந்த ஏரியில் முந்துகிறான். பௌதிகவியல் வகுப்பிற் கற்கும் உராய்வு விதி ஏட்டிலேயே நின்றுவிடுவதன்று என்பதற்கு இப்பந்தயம் நல்லதொரு சான்றாகும்.