கடல்நீரில் யுரேனியம்: பிடித்தால் போதாது, விடவும் வேண்டும்

உலகக் கடல்கள் அனைத்திலுமாக ஏறத்தாழ 450 கோடி டன் யுரேனியம் கரைந்து கிடக்கிறது. நிலத்தில் இதுவரை கண்டறிந்த இருப்பைப்போலப் பல நூறு மடங்கு. ஆனால் ஒரு டன் கடல்நீரில் இருப்பது சுமார் 3.3 மில்லிகிராம்தான்; ஒரு கிலோ எடுக்க மூன்று லட்சம் டன் நீரைச் சலிக்க வேண்டும். அவ்வளவையும் பம்பு வைத்து இறைத்தால் கட்டுப்படியாகாது. அதனால் யுரேனியத்தைப் பற்றும் ஓர் இழையைக் கடலுக்குள் இறக்கிவிடுகிறார்கள். நீரைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை நீரோட்டம் பார்த்துக்கொள்கிறது.

அந்த இழை ஒரு பாலிமர். மாங்கன்றில் ஒட்டுக் கட்டுவதுபோல, பாலிஎத்திலீன் இழையில் எலெக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, அக்ரிலோநைட்ரைல் சங்கிலிகளை அதன்மேல் வளர்க்கிறார்கள். பிறகு ஹைட்ராக்சிலமீனில் ஊறவைத்தால் சங்கிலி நெடுக அமிடாக்சைம் தொகுதிகள் உருவாகின்றன. உலோகத்தைப் பற்றுவது இவைதான். 1999 முதல் 2001 வரை ஜப்பானின் முட்சு கடற்கரைக்கு அப்பால் இப்படிப்பட்ட இழை 350 கிலோ அளவில் கடலில் இறக்கப்பட்டது. கிடைத்த யுரேனியம் ஏறத்தாழ ஒரு கிலோ.

ஏன் அமிடாக்சைம்? பாதரசத்தைப் பிடிக்க வேண்டுமென்றால் கந்தகம் உள்ள தொகுதி நல்லது. யுரேனியத்துக்கு ஆக்சிஜன் மீதே நாட்டம். கடல்நீரில் யுரேனிய அணு இருபுறமும் ஒவ்வோர் ஆக்சிஜனோடு நேர்கோடாக நிற்கிறது. அதன் இடுப்பைச் சுற்றி மூன்று கார்பனேட்டுகள் பிணைந்திருக்கின்றன, அவற்றுக்கு வெளியே கால்சியம். இவற்றை விலக்கிவிட்டுத்தான் இழை உள்ளே நுழைய முடியும். ஒற்றைத் தொகுதியால் ஆகாத இந்த வேலை, ஒரே சங்கிலியில் நெருங்கி நிற்கும் பல தொகுதிகளால் ஆகிறது.

சிக்கல் வனேடியத்தில். பல கடற்சோதனைகளில் யுரேனியத்தைவிட வனேடியமே இழையில் அதிகம் ஏறியது. ஒட்டிய யுரேனியத்தை மென்மையான கரைசலில் கழற்றிவிடலாம். வனேடியத்தைக் கழற்ற அடர் அமிலம் வேண்டும், அதில் இழையே கெடுகிறது. பைகார்பனேட் கரைசல் இழையை அதிகம் கெடுப்பதில்லை, ஆனால் வனேடியத்தின் பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடுகிறது. ஆய்வகத்தில் யுரேனியத்தைத் தாராளமாகக் கரைத்த நீரில் ஓர் இழை எவ்வளவு பிடித்தது என்ற எண்ணை அதனால் நான் பெரிதாக மதிப்பதில்லை. உண்மைக் கடலில் எத்தனை முறை அதைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. விலையில் பெரும்பங்கு அதில் அடங்கியிருக்கிறது; சுரங்க யுரேனியத்தோடு இந்த முறை இன்னும் போட்டியிட முடியாததற்கு அதுவும் ஒரு காரணம்.

வனேடியம் இவ்வளவு இறுக்கமாக ஒட்டுவது ஏன் என்பதற்கு 2017-இல் தெளிவான விடை கிடைத்தது. தயாரிப்பின்போது பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு தொகுதிகள் சேர்ந்து வளையமாகிவிடுவதுண்டு. அந்த வளையம் வனேடியத்தின் சொந்த ஆக்சிஜன்களையே உருவிவிட்டு அதைப் பற்றிக்கொள்கிறது. வளையமாகாத திறந்த அமிடாக்சைமுக்கு வனேடியத்தின் மீது அவ்வளவு பிடிப்பில்லை. யுரேனியத்துக்காக இழை வடிவமைப்பவர்கள் செய்ய வேண்டியது, இழையிலேயே மிக வலுவாகப் பிடிக்கும் அந்த வளையங்களைக் குறைப்பது.