டா நாங்: பின்னிருக்கையில் அமர்ந்து காண வேண்டிய நகரம்



வெளிநாட்டுப் பயணம் என்றதும் நம் இல்லங்களில் முதலில் நினைவுக்கு வருபவை மக்காவும் மதீனாவும். அடுத்து, நம்மவர்கள் வாழ்வாதாரம் தேடிச் சென்ற மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகள். வியட்நாம் அந்த வரிசையில் இருந்ததில்லை. காரைக்கால், புதுச்சேரிப் பகுதிகளின் மூத்த தலைமுறையினர் மட்டுமே ‘சைகோன்’ என்ற பெயரைப் பழக்கத்துடன் உச்சரிப்பார்கள். அண்மைக் காலமாக நிலைமை மாறிவிட்டது. விடுமுறைக்கு வியட்நாம் செல்லும் இந்தியக் குடும்பங்கள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. அவர்களுள் பலர் இறங்கும் ஊர், அந்நாட்டின் நடுப்பகுதியில் கடலோரம் அமைந்துள்ள டா நாங்.

பேருந்தின் சன்னல் வழியே பார்த்தால் டா நாங் பாலங்களும் விடுதிகளும் நிறைந்த ஒரு புதுநகரமாகவே தோன்றும். உள்ளூர் வழிகாட்டி ஒருவர் ஓட்டும் ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் அமர்ந்து பாருங்கள். அந்நகரின் அடியில் புதைந்துள்ள காலங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன் விரியும். பூமியில் சுற்றிப் பார்த்து, முன்னே வாழ்ந்தோரின் முடிவு என்னவாயிற்று என்பதைச் சிந்திக்குமாறு திருக்குர்ஆன் நம்மைப் பல இடங்களில் பணிக்கிறது. அந்தக் கண்ணோடு காண்பதற்கு டா நாங் மிகவும் ஏற்ற ஊர்.

ஏன் ஸ்கூட்டர்?

வியட்நாமின் மக்கள்தொகை 2023இல் 10 கோடியை எட்டியது. அங்குப் பதிவு செய்யப்பட்ட மோட்டார் சைக்கிள்களோ 7 கோடிக்கும் அதிகம். காய்கறிக் கூடை, எரிவாயு உருளை, பள்ளிப் பிள்ளைகள், அலமாரி என எல்லாமே இருசக்கர வண்டியில்தான் செல்கின்றன. அந்த மக்களின் வாழ்க்கையை அறிய விரும்புவோர் அவர்கள் செல்லும் வேகத்தில் செல்வதே முறை.

ஆயினும், வண்டியை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டும் எண்ணம் வேண்டாம். அங்குப் போக்குவரத்து சாலையின் வலப்புறம் செல்லும். நாமோ இடப்புறம் செல்லப் பழகியவர்கள். எல்லா வெளிநாட்டு ஓட்டுநர் உரிமங்களும் அங்குச் செல்லுபடியாவதில்லை. விபத்து நேர்ந்தால் காப்புறுதித் தொகையும் கிடைக்காமல் போகலாம். ஆகவே, உரிமம் பெற்ற வழிகாட்டியின் பின்னால் அமர்வதே அறிவுடைமை. பெண் வழிகாட்டிகளும் இத்தொழிலில் இருக்கிறார்கள். நம் சகோதரிகள் முன்கூட்டியே கேட்டு ஏற்பாடு செய்துகொள்ளலாம்.

2007 டிசம்பர் 15 முதல் அந்நாட்டில் இருசக்கர வண்டியில் செல்லும் யாவரும் தலைக்கவசம் அணிவது கட்டாயம். 2020 முதல், மது ஒரு துளி அருந்தியிருந்தாலும் வாகனம் ஓட்டக்கூடாது என்ற கடுமையான சட்டமும் நடைமுறையில் உள்ளது. மெல்லிய பருத்தித் துணியால் தலையை மூடி, அதன்மேல் கவசம் அணிவது பெண்களுக்கு வசதி. புர்காவின் ஓரமோ துப்பட்டாவின் முனையோ சக்கரத்தில் சிக்காதவாறு மடித்துச் செருகிக்கொள்ளுங்கள். இதில் கவனக்குறைவு உயிருக்கே ஆபத்தாகும்.

ஆற்றங்கரை அருங்காட்சியகம்

பயணத்தை ஹான் ஆற்றங்கரையில் தொடங்குவோம். நகரின் நடுவே ஓடும் இந்த ஆற்றின் மேற்குக் கரையில், மஞ்சள் நிறச் சுவர்களோடு ஒரு பழைய கட்டடம் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் கட்டி 1919இல் திறந்த சாம் சிற்ப அருங்காட்சியகம் அது. சாம் மக்களின் சிற்பங்கள் உலகிலேயே மிகுதியாகத் திரட்டி வைக்கப்பட்டிருக்கும் இடமும் அதுவே.

யார் இந்தச் சாம் மக்கள்? இன்று வியட்நாமின் நடுப்பகுதியாகவும் தென்பகுதியாகவும் உள்ள கடற்கரையில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சம்பா என்னும் அரசை அமைத்து வாழ்ந்தவர்கள். கடலோடிகள், வணிகர்கள், செங்கல் கட்டடக் கலையில் வல்லவர்கள். அவர்களுடைய எழுத்து தென்னிந்தியப் பல்லவ எழுத்து மரபில் பிறந்தது. இந்து, பௌத்த சமயங்களைப் பின்பற்றிய காலத்தில் அவர்கள் எழுப்பிய மி சோன் கோவில் தொகுதி, 1999இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. அதே ஆண்டில் அந்தச் சிறப்பைப் பெற்ற ஹோய் ஆன் துறைமுக ஊரும், மி சோனும், 2025 ஜூலை 1 முதல் டா நாங் மாநகர ஆட்சி எல்லைக்குள் சேர்க்கப்பட்டுள்ளன.

வடக்கிலிருந்து வியட்நாமியர் மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்தனர். 1471இல் சம்பாவின் தலைநகர் விஜயா வீழ்ந்தது. எஞ்சியிருந்த பாண்டுரங்கம் என்னும் சிற்றரசும் 1832இல் மறைந்தது. டா நாங் என்ற பெயரே சாம் மொழியின் ‘பெரிய நீர்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். அந்த மக்களின் நாடு மறைந்தது. அவர்கள் இட்ட பெயரில் பிறர் வாழ்கிறார்கள்.

அரபு மாலுமிகள் அறிந்த கரை

இங்குதான் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உள்ளது. 9ஆம் நூற்றாண்டில் சீனத்துக்குச் சென்ற அரபு, பாரசீகக் கப்பல்கள் சம்பாக் கரையில் தங்கிச் சென்றன. அரபு நூலாசிரியர்கள் இந்நாட்டை ‘ஸன்ஃப்’ என்று அழைத்தனர். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை கமழும் ஊதின் ஒரு வகைக்கு ‘ஸன்ஃபீ’ என்றே பெயர் வழங்கியது. சம்பாவின் காடுகளில் விளைந்த அகில் கட்டை அது. டா நாங்கின் தென்கிழக்கே கடலில் தெரியும் சாம் தீவில், மேற்காசியக் கண்ணாடிக் கலங்களின் உடைந்த துண்டுகளை ஆய்வாளர்கள் மண்ணிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

பிற்காலத்தில் சாம் மக்களில் ஒரு பகுதியினர் இஸ்லாத்தைத் தழுவினர். அவர்களை நீங்கள் டா நாங்கில் காண்பது அரிது. தெற்கே மேக்கோங் ஆற்றோரம் கம்போடிய எல்லையை ஒட்டிய ஆன் ஸாங் மாகாணத்திலும், ஹோ சி மின் நகரிலும் அவர்களுடைய மஹல்லாக்கள் உள்ளன. தென்-நடுக் கடற்கரையிலோ, தம் பழைய மரபுகளோடு இஸ்லாமிய வழக்கங்களைக் கலந்து பின்பற்றும் பானி என்னும் பிரிவினர் வாழ்கிறார்கள். நம் ரமலானை அவர்கள் ‘ராமுவான்’ என்கிறார்கள்.

ஹோ சி மின் நகரத்தின் பழைய பெயர்தான் சைகோன். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் காரைக்கால், புதுச்சேரி முதலிய ஊர்களிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் அங்கு வணிகம் செய்து வாழ்ந்தனர். அந்நகரின் டோங் டு தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935இல் எழுப்பிய பள்ளிவாசலில் இன்றும் தொழுகை நடைபெறுகிறது. 1975க்குப் பின் நம்மவர்களில் பெரும்பாலோர் ஊர் திரும்பினர்.

தீபகற்பமும் பளிங்கு மலைகளும்

ஆற்றைக் கடந்து வடகிழக்கே செல்லும் சாலை, சோன் ட்ரா தீபகற்பத்தில் ஏறுகிறது. வழியில் மணல்மீது கவிழ்த்து வைத்திருக்கும் வட்டப் படகுகளைப் பாருங்கள். மூங்கிலைப் பின்னி, மரப்பிசின் பூசிச் செய்தவை. நம் காவிரிப் பரிசலைக் கண்டவர்க்கு அவை புதியனவாகத் தோன்றா. ஆனால் நாம் ஆற்றில் விடுவதை அவர்கள் கடலலையில் விடுகிறார்கள்.

சோன் ட்ராக் காட்டில், முழங்காலுக்குக் கீழே செந்நிறம் கொண்ட டூக் லங்கூர் என்னும் அரிய குரங்கினம் வாழ்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினம் இது. அதற்குத் தின்பண்டம் எதுவும் கொடுக்க வேண்டாம். இம்மலையின் செங்குத்தான சில பாதைகளில் கியர் இல்லாத ஸ்கூட்டர்களை அனுமதிப்பதில்லை. வழிகாட்டி வண்டியைத் திருப்பினால் வற்புறுத்தாதீர்கள். மலைச்சரிவில் உள்ள லின் உங் பௌத்த ஆலயத்தில் 67 மீட்டர் உயரச் சிலை ஒன்று கடலை நோக்கி நிற்கிறது. நம் கொள்கை வேறாயினும், பிறர் வழிபடும் இடத்தில் அமைதியும் அடக்கமும் காப்பது நம் பண்பு.

அங்கிருந்து மி கே கடற்கரையை ஒட்டித் தெற்கே சென்றால் பளிங்கு மலைகள் தெரியும். சமவெளியில் திடீரென எழுந்து நிற்கும் ஐந்து குன்றுகள். உலோகம், மரம், நீர், நெருப்பு, மண் என்னும் ஐந்து மூலங்களின் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டுள்ளன. ‘நீர்’ மலையின் மேலே படிகள் வழியாகவும், முதியோர் எனில் மின்தூக்கியிலும் செல்லலாம். அங்குள்ள ஒரு பெருங்குகையில் கூரைத் துளைகள் வழியே சூரிய ஒளி தூணாக இறங்குகிறது. அமெரிக்காவுடனான போரின்போது வியட்நாம் போராளிகள் அக்குகையை மருத்துவமனையாகப் பயன்படுத்தினர். அடிவாரத்தில் நோன் நுவோக் என்னும் சிற்பிகளின் கிராமம். குன்றுகளைக் காப்பதற்காக இங்குக் கல் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வேறிடங்களிலிருந்து வரும் பளிங்கைச் செதுக்கிக் கைத்தொழிலைத் தொடர்கிறார்கள்.

போரின் தடம்

மறுநாள் காலையில் வடக்கு நோக்கிப் புறப்படுங்கள். வழியில் நாம் ஓ என்னும் மீனவக் கிராமம். நெத்திலியையும் உப்பையும் சாடிகளில் பல மாதங்கள் ஊற வைத்து இறக்கும் மீன் சாறுக்குப் பெயர் பெற்ற ஊர். அதன் அருகிலுள்ள கடற்கரையில்தான் 1965 மார்ச் 8 அன்று அமெரிக்கக் கடற்படை வீரர்கள் இறங்கினர். வியட்நாமில் தரைப்போருக்கென வந்த முதல் அமெரிக்கப் படை அது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன், 1858 செப்டம்பர் 1 அன்று, பிரெஞ்சு – ஸ்பானியக் கப்பல்கள் முதலில் தாக்கியதும் இதே டா நாங் விரிகுடாவைத்தான். இருவருமே இப்போது அங்கு இல்லை. 1975 மார்ச் 29 அன்று நகரம் வட வியட்நாம் படைகள் வசமாயிற்று.

போர் முடிந்தும் நஞ்சு முடியவில்லை. இலைகளை உதிர்க்க அமெரிக்க விமானங்கள் தெளித்த இரசாயனம், டா நாங் விமான தளத்திலும் பெருமளவில் சேமிக்கப்பட்டிருந்தது. அதிலிருந்த டயாக்சின் மண்ணில் ஊறிக் கிடந்தது. 2012இல் தொடங்கி, அம்மண்ணைத் தோண்டிப் பெருஞ்சூட்டில் காய்ச்சி நஞ்சை அழிக்கும் பணி 2018இல் நிறைவுற்றது. நீங்கள் விமானத்தில் இறங்கும் நிலம் அதுதான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கடல் மேகக் கணவாய்

நாம் ஓவைக் கடந்ததும் ஹாய் வான் கணவாய் தொடங்குகிறது. ‘கடல் மேகம்’ என்பது அப்பெயரின் பொருள். 21 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலை, 496 மீட்டர் உயரம் வரை வளைந்து ஏறுகிறது. 2005இல் மலையைக் குடைந்து 6 கிலோமீட்டருக்கும் அதிகமான சுரங்கப்பாதை திறக்கப்பட்டதும் கார்களும் லாரிகளும் அதற்குள் சென்றுவிட்டன. சுரங்கத்தில் இருசக்கர வண்டிகளை ஓட்ட அனுமதி இல்லை. எனவே பழைய மலைச்சாலை ஸ்கூட்டர்க்காரர்களின் சொத்தாகிவிட்டது! ஒருபுறம் காடு, மறுபுறம் நீலக்கடல், கீழே கரையை ஒட்டி ஊர்ந்து செல்லும் ரயில். படைத்தவனின் கைவண்ணத்தைக் கண்டு நாவு தானே ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று கூறும்.

உச்சியில் 1826இல் கட்டிய கோட்டை வாயில் நிற்கிறது. 2024இல் அது புதுப்பிக்கப்பட்டது. பக்கத்தில் அந்நியப் படைகள் விட்டுச் சென்ற காவல் அரண்கள். ஒரு காலத்தில் சம்பாவுக்கும் வியட்நாமியர் நாட்டுக்கும் எல்லையாக இருந்த மலை இது. 1306இல் சம்பா மன்னர் மூன்றாம் ஜய சிம்மவர்மன் வியட்நாம் இளவரசியை மணந்தபோது, தம் நாட்டின் வடபகுதியில் இரு மாநிலங்களைப் பரிசமாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டே மன்னர் இறந்தார். கொடுத்த நிலம் மீளவில்லை.

உணவும் தொழுகையும்

நம் குடும்பங்களின் முதல் கவலை உணவுதான். டா நாங்கின் புகழ்பெற்ற ‘மி குவாங்’ என்னும் மஞ்சள் நூடுல்ஸிலும், நம் தோசையை ஒத்த ‘பான் செயோ’விலும் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். ‘தித் ஹெயோ’ என்றால் பன்றி இறைச்சி. இந்தச் சொல்லை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ‘சாய்’ என்று எழுதிய கடைகள் பௌத்தர்களின் சைவ உணவகங்கள். கடலுணவும் தாராளமாகக் கிடைக்கும். எந்தச் சட்டியில், எந்தக் கொழுப்பில் சமைக்கிறார்கள் என்று வழிகாட்டி வாயிலாகக் கேட்டுக்கொள்வது நல்லது. ஹலால் உணவு தரும் இந்திய, மலாய் உணவகங்களும் நகரில் உள்ளன. அந்த முகவரிகளையும் தொழுகை நேரங்களையும் புறப்படும் முன்பே வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். பயணத் திட்டத்தை அதற்கேற்ப அமைப்பது அவர்களுக்குப் பெரிய காரியமன்று. அங்குக் கிப்லா, மேற்கிலிருந்து சற்றே வடக்கு நோக்கிச் சாய்ந்திருக்கும்.

செப்டம்பர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும் மிகுதி. பிப்ரவரி முதல் ஆகஸ்ட் வரையிலான மாதங்கள் ஸ்கூட்டர் பயணத்துக்கு ஏற்றவை.

திரும்பும் வழியில்

கணவாயிலிருந்து இறங்கி மாலையில் ஹான் ஆற்றுக்கே வாருங்கள். 666 மீட்டர் நீளமுள்ள டிராகன் பாலம் அங்கு ஒளிர்கிறது. வார இறுதி நாள்களில் இரவு 9 மணிக்கு அதன் இரும்பு வாய் நெருப்பும் நீரும் உமிழும். பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள். அப்பாலத்தைத் திறந்த நாள் 2013 மார்ச் 29. 1975இல் வட வியட்நாம் படைகள் வசமான அதே தேதியை நகரம் தன் மகிழ்ச்சிக்கு உரிய நாளாக ஆக்கிக்கொண்டது.

உங்களை ஏற்றிச் செல்லும் வழிகாட்டி, பெரும்பாலும் போருக்குப் பின் பிறந்த இளைஞராகவே இருப்பார். அவரிடம் போரைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அவருடைய பெற்றோர் என்ன தொழில் செய்கிறார்கள், அவர் என்ன படித்தார், வீட்டில் இன்று என்ன சமையல் என்றும் கேளுங்கள். உங்கள் ஊரைப் பற்றியும் சொல்லுங்கள். அவர்களில் பலர் அதற்கு முன் ஒரு முஸ்லிம் குடும்பத்தோடு பழகியிருக்க மாட்டார்கள். இஸ்லாமியர் எத்தகையவர் என்பதை அவர்கள் உங்களைக் கொண்டே அறிவார்கள். பேசிய கூலியைக் குறையின்றிக் கொடுத்து, இன்முகத்துடன் விடைபெறுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்து வரும் நம் குடும்பத்தாரை அவர் மனமுவந்து வரவேற்பார்.