வயலின் மேடு பள்ளமும் லேசர் அளவையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே அமைந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகாக்களில் நெற்பயிர் பெரும்பாலும் கண்மாய் நீரையும் கிணற்று நீரையும் நம்பியுள்ளது. கண்மாய் பெருகிய ஆண்டிலும் கடைமடைக்கு நீர் எட்டவில்லையென்ற முறையீடு எழுவதுண்டு. இதற்கு மடைப்பழுது முதலிய காரணங்கள் இருப்பினும், பலரும் கவனியாத காரணமொன்று வயலுக்குள்ளேயே இருக்கிறது. அதுவே மேடு பள்ளம்.

ஓர் ஏக்கர் என்பது ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். மேட்டை மூடும்பொருட்டு ஏக்கர் முழுவதும் 1 சென்டிமீட்டர் நீரை அதிகமாகத் தேக்கினால், 40,000 லிட்டருக்கு மேல் வீணே செலவாகும். அவ்வாறு தேக்கியும் பள்ளத்து நாற்று அழுகும். மேட்டிலோ களை மலியும். பரம்படித்த வயல் கண்ணுக்குச் சமமாகத் தோன்றினும், நாலு விரற்கடை வேற்றுமை அதில் மறைந்திருத்தல் கூடும்.

இவ்வேற்றுமையை லேசர் கருவி தெளிவாகக் காட்டும். முக்காலியின்மேல் வைத்த கருவி சுழன்று, வயலுக்கு மேலே மட்டமான ஒளித்தளம் ஒன்றை உண்டாக்கும். வாங்கியைப் பொருத்திய அளவுகோலைப் பத்து மீட்டருக்கு ஓரிடமாக நிறுத்தி, ஒளித்தளத்திற்கும் தரைக்குமுள்ள தூரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, சராசரி 154 சென்டிமீட்டராயின், 150 காட்டுமிடம் 4 சென்டிமீட்டர் மேடு. 158 காட்டுமிடம் அதே அளவு பள்ளம். பின்னர் டிராக்டர் இழுக்கும் சமன்கருவியின் தகடு, அவ்வொளியைப் பின்பற்றித் தானே ஏறியிறங்கி மண்ணை வெட்டி நிரப்பும்.

மலைச்சரிவை ஒட்டிய நிலங்களை ஒரே மட்டமாக்க முயலலாகாது. அங்ஙனம் செய்யின் மேல்மண் பறிபோய் அடிமண் வெளிப்படும். படிப்படியாகப் பாத்திகளாக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியே சமப்படுத்துதலே உசிதம். ஆழமாக வெட்டிய இடத்திற்குத் தொழுவுரமும் தக்கைப்பூண்டும் இடுதல் அவசியம்.

கிராம நிர்வாக அலுவலர்கள் கவனிக்கத் தக்கவை இரண்டு. சமன்கருவி காட்டுவது உயரத்தையே, எல்லையையன்று. எல்லை சர்வே கல்லையும் புலப்படத்தையும் கொண்டே தீர்மானிக்கப்படும். ஆதலின் வேலை தொடங்குமுன் கற்களருகே கொடி நாட்டி, அவை பெயராதபடி காத்தல் வேண்டும். கண்மாயின் வண்டலை மதிப்பிட லேசர் ஸ்கேனர் பெரிதும் உதவும். அஃது ஒளியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தைக்கொண்டு தூரத்தைக் கணக்கிடுவது. ஆனால் கலங்கிய நீரை அவ்வொளி ஊடுருவாதாகையால், கண்மாய் வற்றிய காலத்திலேயே அளத்தல் வேண்டும்.

அறுவடை முடிந்து மண் உலர்ந்திருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களே வயலைச் சமப்படுத்த ஏற்றவை. தலைமடையில் உள்ளோர் அப்பொழுதே தம் வயலை அளந்து சமப்படுத்திக்கொண்டால், மிஞ்சும் நீர் கடைமடைக்குச் சென்று அங்குள்ள பயிரையும் காக்கும்.