கண்ணாடித் தொட்டியில் கடற்பாசித் தோட்டம்

கோலார் தங்கவயல் மக்களுக்கு ‘ரீஃப்’ என்ற சொல் புதியதன்று. சாம்பியன் ரீஃப் என்பது அங்கே ஒரு சுரங்கத்தின் பெயர். ஓர் ஊர்ப்பகுதியின் பெயரும் அதுவே. பாறையினூடே சுவர்போல் நெடுந்தூரம் ஓடும், பொன் கலந்த படிகக்கல் அடுக்கைச் சுரங்கத் தொழிலில் அவ்வாறு அழைத்தனர். மாலுமிகளோ அதே சொல்லால் கடலடியில் உள்ள பவளப் பாறையைக் குறிப்பர். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன. மைசூர் மைன்ஸ் என்பது இன்று ஊர்ப்பெயராக நிலைத்திருக்கிறது.

இவ்வூர் கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. கடற்கரையோ 200 கிலோமீட்டருக்கு அப்பால். எனினும், இத்தகைய உள்நாட்டு ஊரில் கூட, தூய நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்து, பவளத் திட்டின் உயிர்களை ஒரு கண்ணாடித் தொட்டியில் வளர்ப்பது இயலாத காரியமன்று. தொட்டியை நிரப்புவது எளிது. அதன் நீரைக் கெடாமல் காப்பதே அரிது. இவ்வேலையில் மனிதனுக்குத் துணை நிற்பது கடற்பாசி.

அழுக்கு சேரும் விதம்

பவளங்கள் வாழும் வெப்பக் கடல்நீர் மிகத் தெளிவானது. அதில் நைட்ரேட், பாஸ்பேட் ஆகிய ஊட்டப்பொருள்கள் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் சிறு பகுதியளவே காணப்படும். தொட்டியில் நிலைமை வேறு. மீனுக்கு இடும் இரையிலுள்ள புரதம் முதலில் அம்மோனியாவாகிறது. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியா கொடிய நஞ்சு. நைட்ரேட் அவ்வளவு கொடியதன்று. ஆனால் அது வெளியேற வழியின்றி நாளுக்கு நாள் பெருகுகிறது. இரையிலுள்ள பாஸ்பரஸும் அவ்வாறே பாஸ்பேட்டாகத் தங்கிவிடுகிறது. மிகுதியான பாஸ்பேட் பவளம் சுண்ணாம்புக் கூட்டைக் கட்டுவதைத் தடுக்கிறது; வேண்டாத மயிர்ப்பாசி கண்ணாடியிலும் கற்களிலும் படர்ந்து பவளத்தை மூடுகிறது.

பாசியைக் கொண்டே பாசியை அடக்குதல்

எங்கேனும் பாசி வளர்ந்தே தீருமாயின், அது நாம் விரும்பும் இடத்தில் வளரட்டும் என்பதே இம்முறையின் அடிப்படை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி என்ற அறிஞர், பவளத் திட்டின் நீரைத் தூய்மையாக்குவதில் பாசிகளுக்குள்ள பங்கை ஆராய்ந்தார். 1980-களில் வாஷிங்டன் அருங்காட்சியகத்தில் அவர் அமைத்த பவளத் தொட்டியில், தனித் தட்டுகளில் ஒளியூட்டி வளர்க்கப்பட்ட குறும்பாசிகளே நீரைச் சுத்தம் செய்தன. இல்லத் தொட்டிகளில் இன்று பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் பெரும்பாசிகள் இப்பணிக்குப் பயன்படுகின்றன.

பிரதான தொட்டியின் கீழோ பக்கத்திலோ, அதன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரையுள்ள துணைத் தொட்டி ஒன்றை வைக்க வேண்டும். ஒரு சிறு பம்பு நீரை இரண்டுக்கும் இடையே இடைவிடாது சுழற்றும். துணைத் தொட்டியில் பாசியை இட்டு, மேலிருந்து வலிவான விளக்கொளியை நாள்தோறும் 12 முதல் 16 மணி நேரம் பாய்ச்ச வேண்டும். இவ்விளக்கை இரவில் ஏற்றுவது நலம். பவளத் தொட்டியின் விளக்குகள் அணைந்ததும், உயிர்கள் வெளிவிடும் கரியமில வாயு நீரில் மிகுந்து அமிலத் தன்மையைக் கூட்டும். அவ்வேளையில் பாசி அவ்வாயுவை உட்கொள்வதால் நீரின் நிலை பெரிதும் மாறாது. பாசியிடையே சிறு ஓட்டுடலிகளும் மீன்களுக்கு அஞ்சாமல் பெருகி, நீரோட்டத்துடன் சென்று பவளத்திற்கும் மீனுக்கும் இரையாகின்றன.

எந்தப் பாசி?

கீட்டோமார்ஃபா என்னும் பச்சைப்பாசி இதற்கு மிகவும் ஏற்றது. சிக்கலான கம்பிச் சுருளைப் போலிருக்கும் இது எதையும் பற்றிக்கொள்ளாது. கையால் அள்ளி எடுக்கலாம். காலர்ப்பா இனங்கள் விரைந்து வளர்ந்தாலும் அவற்றில் ஓர் ஆபத்து உண்டு. காலர்ப்பாச் செடி முழுவதும் தடுப்புச் சுவரற்ற ஒரே பெரிய உயிரணு. இனப்பெருக்கக் காலத்தில் அது தன் உட்பொருள் அனைத்தையும் நீரில் கொட்டிவிட்டு மடிந்துபோகிறது. பல மாதங்களாகச் சேர்த்த ஊட்டப்பொருள் ஒரே நாளில் தொட்டிக்குத் திரும்பிவிடும். இராமநாதபுரம் கடற்கரையில் கஞ்சிப்பாசி எனப்படும் கிராசிலேரியாவும் ஊட்டப்பொருளை நன்கு உறிஞ்சும். ஆனால் அதற்கு நல்ல நீரோட்டம் தேவை.

கிணற்று நீரின் கணக்கு

தொட்டியிலிருந்து ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு ஆவியாவதில்லை. ஆகவே நாள்தோறும் நன்னீர் ஊற்றி ஈடுசெய்ய வேண்டும். தங்கவயலுக்குச் சுரங்கக் காலத்தில் பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியிலிருந்து நீர் கொண்டுவரப்பட்டது. கோலார் மாவட்டத்தில் இன்று பலரும் நம்பியிருப்பது ஆழ்துளைக் கிணற்றை. இம்மாவட்டத்துக் கிணறுகள் பலவற்றில் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் மிகுந்துள்ளன. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட் வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது. மனிதனுக்கு ஏற்ற இந்த அளவு பவளத்திற்குப் பன்மடங்கு அதிகமாகும்.

ஓர் எடுத்துக்காட்டு: 200 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 2 லிட்டர் நீர் ஆவியாகிறது, ஈடாக ஊற்றும் கிணற்று நீரில் லிட்டருக்கு 40 மில்லிகிராம் நைட்ரேட் உள்ளது எனக் கொள்வோம். நாள்தோறும் 80 மில்லிகிராம், 30 நாட்களில் 2,400 மில்லிகிராம் நைட்ரேட் சேரும். மீனுக்கு இரையே இடாவிட்டாலும், நீரில் அதன் அளவு லிட்டருக்கு 12 மில்லிகிராம் உயர்ந்துவிடும்.

இதனை அகற்ற எவ்வளவு பாசி வேண்டும்? நீர் வடித்த 100 கிராம் பாசியில் உலர்பொருள் 10 கிராம் என்றும், அதில் நூற்றுக்கு 3 பங்கு நைட்ரஜன் என்றும் கொண்டால், நைட்ரஜன் 0.3 கிராம் ஆகும். இது ஏறக்குறைய 1.33 கிராம் நைட்ரேட்டுக்குச் சமம். எனவே கிணற்று நீர் கொண்டுவந்த நைட்ரேட்டை மட்டும் அகற்ற மாதந்தோறும் சுமார் 180 கிராம் பாசியை வெளியே எடுக்க வேண்டியிருக்கும். எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் வடித்த நீரையே உபயோகித்தால் இச்சுமை பெரும்பாலும் நீங்கும். பாசியின் முழு ஆற்றலும் இரையால் விளையும் அழுக்கை அகற்றவே பயன்படும்.

அறுவடையே சுத்திகரிப்பு

பாசி வளர்வதால் மட்டும் நீர் சுத்தமாகிவிடாது. பாசி ஊட்டப்பொருளைத் தன் உடலில் சேமித்து வைக்கிறது, அவ்வளவே. சுரங்கத்தில் உடைத்த கல்லை வாளியில் ஏற்றி மேலே கொணர்ந்தால்தான் வழி திறக்கும். அதுபோல் பாசியையும் வெளியே எடுத்தால்தான் பயன். பாசி இருமடங்கு வளர்ந்தபின், மூன்றில் ஒரு பங்கையேனும் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் பாசித்திரளின் உட்பகுதி ஒளியின்றி அழுகி, உண்டதை மீண்டும் நீரிலேயே சேர்க்கும். எடுத்த பாசியை நன்னீரில் கழுவி, தோட்டத்து உரக்குழியில் இடலாம்.

மற்றொரு வரம்பும் உண்டு. கடலின் பெருந்தாவரங்களில், ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குச் சராசரியாக 30 நைட்ரஜன் அணுக்கள் உள்ளன என்று 1983-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நுண்மிதவைகளிலோ இவ்விகிதம் ஒன்றுக்கு 16. ஆகவே பாசி நைட்ரஜனையே மிகுதியாக உண்கிறது. நைட்ரேட் தீர்ந்ததும் வளர்ச்சி நின்று, பாஸ்பேட் எஞ்சிவிடக் கூடும். இரண்டையும் வாரந்தோறும் சோதித்தல் அவசியம். இரண்டும் அறவே இல்லாமற் போவதும் தீமையே. பவளத்தினுள் வாழும் நுண்பாசிகளுக்கும் சிறிது ஊட்டம் தேவை.

சட்டமும் எச்சரிக்கையும்

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கல்பவளங்கள், கரும்பவளம், கடல்விசிறி முதலியவை 2001-ல் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து இவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குச் சுற்றுலா செல்லும் மாணவர் ஒரு பவளத் துண்டையும் எடுத்து வரலாகாது என்பதை ஆசிரியர் முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டும்.

தொட்டிப் பாசியை ஏரியிலோ கடலிலோ எறிவதும் தவறு. காலர்ப்பா டாக்ஸிஃபோலியா என்னும் பாசி 1984-ல் மொனாக்கோ கடற்கரையில் முதன்முதல் காணப்பட்டு, பின்னர் மத்தியதரைக் கடலில் பரந்த அளவில் படர்ந்தது. நம் நாட்டிலும், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட காப்பாபைகஸ் என்ற அயற்பாசி குருசடித் தீவின் பவளங்கள்மீது படர்ந்திருந்த செய்தியை ஆய்வாளர் 2008-ல் வெளியிட்டனர்.

பள்ளியில் செய்து காட்டல்

இத்தத்துவத்தை விளக்கக் கடல்நீரோ பவளமோ தேவையில்லை. ஏரிகளில் காணப்படும் காரா என்ற நன்னீர்ப் பெரும்பாசி போதும். ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடிச் சாடிகளில் ஒரே ஏரிநீரை ஊற்றுக. முதற் சாடியில் பாசி வேண்டாம். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் சம எடையுள்ள பாசியை இடுக. மூன்றையும் வெளிச்சத்தில் வைத்து, வாரந்தோறும் நைட்ரேட்டையும் அம்மோனியாவையும் சோதித்துக் குறிக்கவும். மூன்று வாரத்திற்குப்பின் மூன்றாவது சாடியைக் கறுப்புத் துணியால் மூடுக. பாசி மடிந்து அழுகும்போது, அது உண்ட பொருள் நீருக்குத் திரும்புவதை மாணவர் தாமே காண்பர்.

இப்பாடம் தொட்டியோடு முடிவதன்று. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு இறைக்கப்பட்டு வருகிறது. சாதாரணச் சுத்திகரிப்பு, நீரில் கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் முழுமையாக அகற்றுவதில்லை. அத்தகைய நீர் தேங்கும் ஏரியில் ஆகாயத்தாமரையும் பாசியும் செழித்தால், அவற்றை அவ்வப்போது வாரி வெளியேற்றுவதும் சுத்திகரிப்பின் ஒரு பகுதியே. அவை அங்கேயே அழுகினால் ஏரி தன் சுமையைத் தானே மீண்டும் ஏற்றுக்கொள்ளும். இதனைக் கண்ணாடிச் சாடியில் கண்டறிந்த மாணவன், நாளை தன் ஊர் ஏரியையும் அதே கண்ணோடு பார்ப்பான்.